நாலு ஸ்க்ரூ

ஏர்கன் வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, சுடுவதற்கா அல்லது வைத்துப் பார்ப்பதற்கா என்றுதான். முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. சுடுவதற்கு என்றால் இப்போது வருகிற நகலை வாங்குங்கள் என்பேன். உதிரி பாகம் கிடைக்கும், குறி தவறாது, கை தவறிக் கீழே விழுந்தாலும் மனசு பதறாது. வைத்துப் பார்ப்பதற்கு என்றால் பழையதுதான். பழையதில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ஓரத்தில் துரு இருக்கும், குறி ஒரு பக்கமாக இழுக்கும். ஆனால் அது அதுவாக இருக்கும். இன்னொன்றாக நடிக்காது.

வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொடுத்து, முதலிலிருந்து உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள் என்றீர்கள் ஐயா. எனக்கு முதல் என்பது இதுதான். இருபத்தாறு வருஷமாக இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். இதைக் கேட்பதற்குத்தான் என்னிடம் ஆட்கள் வந்தார்கள்.

என் பட்டறை வீட்டின் முன்னறை. ஒரு மேஜை, கழுத்து வளையும் விளக்கு, அளவு வாரியாக மாட்டிய ஸ்க்ரூடிரைவர்கள், சுவரோரம் கண்ணாடி அலமாரி. பழுது பார்ப்பேன், பழசா, நகலா என்று கேட்டால் பார்த்துச் சொல்வேன். டயர் கடை மாடியில் எங்கள் சங்கம் ஞாயிறு விட்டு ஞாயிறு கூடும். பதினான்கு பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். அங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தராசு என்பார்கள். மூன்று செகண்ட் கையில் கொடுத்தால் போதும், சொல்லிவிடுவேன் என்று நான் பீற்றிக்கொள்வேன். பீற்றல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருமுறையும் தப்பியதில்லை.

இறந்தவன் என் மனைவியின் ஒரே தம்பி. ரப்பர் ஸ்டாம்ப், பெயர்ப்பலகை, பரிசுக் கோப்பையில் எழுத்துச் செதுக்குவது அவன் தொழில். கைத்திறமை உள்ளவன், வாய்த்துடுக்கும் உண்டு. சங்கத்தில் சேர்த்துவிட்டது நான். ஏர்கன்னைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது.

அதில் ஒன்றை மட்டும் விவரமாக எழுத வேண்டும். எங்கள் சங்கத்தில் யார் யாரிடம் எதைக் கொடுத்தாலும் அப்படியே நீட்டக் கூடாது. மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, உள்ளே ஈய ரவை இல்லை என்று திறந்து காட்டி, "காலி" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் எட்டிப் பார்த்து "பாத்தேன்" என்ற பிறகுதான் கை மாறும். மறந்தவர் கூட்டம் முடிந்ததும் எல்லோருடைய நாற்காலியையும் அடுக்க வேண்டும். என் மைத்துனன் முதல் இரண்டு மாதம் தனியாளாக நாற்காலி அடுக்கினான். அதன் பிறகு அது அவன் உடம்பிலேயே ஊறிவிட்டது. ஒருநாள் வீட்டில் என் மனைவி குடையைக் கேட்டபோது, அதைப் படக்கென்று விரித்துக் காட்டி "காலி" என்றான். அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

என்னிடம் ஒரு பழைய ஏர் பிஸ்டல் இருந்தது. ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தோட்டாவை வீணாக்காமல் பழகட்டும் என்று, அவர்களுடைய பிஸ்டலின் அதே அச்சில், அதே எடையில், கொஞ்ச காலம் மட்டும் செய்தார்கள். எட்டு வருஷம் தேடி வாங்கினேன். பல் டாக்டர் ஒருமுறை, "அப்படிப் பாத்தா உங்க பழசே ஒரு நகல்தானே, தராசு?" என்றார். அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை. பல்வலி வந்தபோதுகூட வேறு டாக்டரிடம் போனேன்.

இந்த வருஷம் மைத்துனன் அந்த பிஸ்டலை இரவல் கேட்டான். சங்கத்துக்குக் கேடயம் செதுக்கப் போவதாகவும், படம் பார்த்து வரைந்தால் சரிப்படாது என்றும் சொன்னான். வேறு யாருக்கும் கொடுத்திருக்க மாட்டேன். மூன்று வாரம் வைத்திருந்தான்.

அடுத்த கூட்டத்தில் மேஜை மேல் இரண்டு பிஸ்டல்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது கடையில் கிடைக்கிற நகல். அதைத்தான் அந்த மூன்று வாரமும் பழசாக்கியிருக்கிறான். தேய வேண்டிய இடத்தில் தேய்த்து, கறுக்க வேண்டிய இடத்தில் கறுக்கவைத்து, என்னுடையதில் இருக்கும் எண்ணைக்கூட அதே எழுத்தில் செதுக்கியிருந்தான். ஸ்டாம்ப் கடைக்காரனுக்கு அதெல்லாம் எம்மாத்திரம். அவனுக்கே உரிய அந்தச் சிரிப்போடு, "அத்தான், ஒங்களுதை எடுத்துக்கங்க. ஸ்க்ரூ மட்டும் கழட்டப்பிடாது" என்றான்.

விஷயம் அந்த ஸ்க்ரூவில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் நாலு ஸ்க்ரூ உண்டு. அவற்றைக் கழற்றி உள்ளே பார்த்தால் குழந்தையும் சொல்லிவிடும். காற்றை அடைக்கிற வளையம் பழையதில் தோல், நகலில் ரப்பர். வெளியே எவ்வளவு வேஷம் போட்டாலும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

கழற்றாமலே நான் எடுத்தேன். ஒன்றைத் தொட்டேன், வைத்தேன். இன்னொன்றைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். அதைக் கையில் ஏந்திக்கொண்டு நாலு வார்த்தை பேசவும் செய்தேன். இந்தக் கனம் இரும்பின் கனமில்லை, காலத்தின் கனம் என்றேன். இதை எத்தனை பேர் பயந்துகொண்டே பிடித்திருப்பார்கள், அது என் விரலுக்குத் தெரிகிறது என்றேன். எல்லோரும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், அது நான் பண்ணினது" என்றான் அவன்.

அந்த மாடி இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். யாரோ கைபேசியில் முழுவதும் எடுத்திருந்தார்கள், என் காலத்தின் கனம் உட்பட. நான் மற்ற பிஸ்டலை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதன் பிறகு அதை எடுத்துப் பார்க்கவில்லை. அது என்னைக் காட்டிக்கொடுத்த பொருள். தன்னை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று அது அங்கே உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தது.

கோபம் வந்ததா என்று நேற்று கேட்டீர்கள். வந்தது. இப்போதும் இருக்கிறது. சோறு இறங்கவில்லை, பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. இருபத்தாறு வருஷத்தை ஒருவன் ஒரு நிமிஷத்தில் குப்பையில் கொட்டுகிறான். அதற்குப் பெயர் விளையாட்டு என்கிறான். தராசு போய், சங்கத்தில் என் பெயர் மூணு செகண்ட் என்று ஆயிற்று. பழுதுக்குக் கொடுக்க வந்த ஒருவர், "இது ஒரிஜினலான்னு நீங்களே சொல்லுங்க சார்" என்று என் முகத்துக்கு நேரே சிரித்தார். அவர் சாமானைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் மனைவி சிரித்ததுதான் தாங்கவில்லை. தம்பி அனுப்பிய அந்த வீடியோவை அடுப்படியில் நின்றுகொண்டே பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் வாசற்படியில் நிற்பதைப் பார்த்ததும், "கொஞ்சம் பொறுத்துக்கங்க. ரெண்டு வாரத்துல எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். அக்காளும் தம்பியும் ஒரே அச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு வாரத்தில்தான் மூலையில் இருக்கும் வங்கியைக் கவனிக்க ஆரம்பித்தேன். என் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். சங்கத்துக்குப் போகிற வழியும் அதுதான். போன மாதம் அங்கே புகுந்து காவலாளியைச் சுட்டுவிட்டுப் போனார்கள் அல்லவா. அன்றிலிருந்து உங்கள் போலீஸ் ஆட்கள் வண்டியோடு அங்கேயே நின்றார்கள். இரண்டு இளைஞர்கள். ஒரு மோட்டார் சைக்கிள் பட்டென்று வெடித்தால்கூட அவர்கள் கை இடுப்புக்குப் போகும். அதை நான் இரண்டு மூன்று தடவை பார்த்தேன். பார்ப்பது குற்றமில்லை.

வியாழக்கிழமை மைத்துனனைக் கூப்பிட்டு, அந்த நகலைக் கொண்டுவா, நிதானமாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன். பாய்ந்து வந்தான். வந்ததும் மேல்பாகத்தை இழுத்து, "காலி" என்று நீட்டினான். "பாத்தேன்" என்றேன்.

"நல்லாப் பாருங்க அத்தான். ஸ்க்ரூவைக்கூடக் கழட்டிப் பாருங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றான். கண்ணெல்லாம் சிரிப்பு.

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். தோற்றவனிடம் வந்து, தோற்றதை இன்னொரு முறை உள்ளே திறந்து பார் என்கிறான். நான் ஒரு ஸ்க்ரூவையும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தபோது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கறுப்பு சீராக இல்லை. ஸ்பிரிங் சத்தம் சன்னமாக இருந்தது. விளிம்புத் தேய்மானத்தில் ஒரு அவசரம் இருந்தது. இதையா பழசென்று எடுத்தேன் என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்று நாள் அது என் மேஜையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தரை மணிக்கு அவன் வருவான் என்று தெரிந்து, பத்து மணிக்கு அதன் உலோகம் முழுவதும் லாக்கர் பூசினேன். கைப்பிடியை மட்டும் விட்டுவிட்டேன். லாக்கர் என்பது கண்ணாடி மாதிரி பளபளக்கும் பூச்சு. பழைய பொருளில் யாரும் அதைப் பூசமாட்டார்கள். பூசினால் அந்தப் பழைய மேனி போய்விடும், திரும்ப வராது. நகலுக்கு என்ன, எத்தனை தடவை வேண்டுமானாலும் பூசலாம்.

அவன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மேஜையைப் பார்த்ததும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அத்தான், இது மேலயா லாக்கர் போட்டீங்க?"

"ஏன், போட்டா என்ன?"

"ஒண்ணுமே தெரியலையா அத்தான் ஒங்களுக்கு?"

"எல்லாம் தெரிஞ்சுதான் போட்டேன்."

அவன் குனிந்து, தொடாமல், அப்படியும் இப்படியுமாகப் பார்த்தான். அழுதுவிடுவான் போலிருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து செய்த வேஷம் கலைந்துவிட்டதே என்று அவனுக்கு வயிறு எரிகிறது என்று நினைத்தேன். எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது, மறைக்கவில்லை.

"தின்னர் போட்டு மெதுவா எடுத்துடலாம்ல?" என்றான்.

"முதல்ல காயட்டும். ஈரத்துல கைவச்சா திட்டுத்திட்டா ஆயிடும். பையில போடாதே, துணி சுத்தாதே, பெட்டியிலயும் வைக்காதே, ஒட்டிக்கும். கைப்பிடியில மட்டும்தான் பூசலை. அதைப் பிடிச்சு, சட்டையில படாம தள்ளிப் பிடிச்சுக்கிட்டுப் போ. காத்து படட்டும்."

வேறு யாரிடம் சொன்னாலும், நடுத்தெருவில் இதைக் கையில் பிடித்துக்கொண்டு போவதா என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். பூச்சு கெடக் கூடாது என்றால் எங்களுக்கு உலகமே மறந்துபோகும். அவன் நான் சொன்னபடியே எடுத்தான். பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அவ்வளவு ஜாக்கிரதையாக எடுத்தான்.

"மீட்டிங்குக்கு நீங்க வந்தே ஆகணும் அத்தான். இன்னைக்கு எல்லார் முன்னாடியும் ஒண்ணு சொல்லணும்."

"நீ முன்னால போ, வர்றேன்" என்றேன்.

இன்னொரு தடவை சிரிக்க வைக்கப் போகிறான் என்பது எனக்குப் புரிந்தது. அதுவரை என் மனதில் கொஞ்சம் தயக்கம் இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அந்த வார்த்தையில் அது போய்விட்டது.

அவன் படியிறங்கியதும் போலீஸ் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தேன். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. உங்கள் பதிவில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். நீலச் சட்டை போட்ட ஒருவன் பிஸ்டலை நீட்டிப் பிடித்துக்கொண்டு வங்கிப் பக்கம் போகிறான் என்றேன். உண்மை. போனை எடுத்த பெண் காவலர், நிஜத் துப்பாக்கியா என்று கேட்டார். என் வாழ்நாளெல்லாம் எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி அது. என் தீர்ப்பைக் கேட்டுத்தான் ஊரே சிரித்துவிட்டதே, நான் என்ன சொல்ல. பார்த்தால் நிஜம் மாதிரிதான் இருக்கிறது என்றேன். அதுவும் உண்மைதான்.

பிறகு வாசலில் வந்து நின்றேன்.

கீழே போடு என்று உங்கள் ஆட்கள் இரண்டு முறை கத்தினார்கள். எனக்கே தெளிவாகக் கேட்டது. அவன் நின்றான். கையிலிருந்ததைப் பார்த்தான், தார் ரோட்டைப் பார்த்தான். போடவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் போடமாட்டார்கள். கொடுப்பார்கள், போடமாட்டார்கள். எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஈரப் பூச்சையும் மறந்து இடது கையைக் கொண்டுவந்து மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தான். அவர்களுக்கு அது, சுடுவதற்கு முன்னால் எவனும் செய்கிற காரியம். அவன் வாய் அசைந்தது. அந்தத் தூரத்தில் சத்தம் கேட்கவில்லை. என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். மூன்று முறை சுட்டார்கள்.

அந்த இளைஞர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களைத் தண்டிக்க வேண்டாம் என்று இதில் எழுதிவைக்கிறேன். மூன்று செகண்டில் பார்த்து முடிவுசெய்தார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. நான் நேரம் எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம்.

என் மனைவி ஒருமுறைதான் வந்து பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். "அவன் ஒங்ககிட்ட சொல்லவே இல்லையா? நீங்க ஒரு தடவைகூட தொறந்து பாக்கலையா?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. போய்விட்டாள்.

நேற்று நீங்கள் போட்டோக்களை மேஜையில் பரப்பினீர்கள். அவன் கையிலிருந்த பிஸ்டலின் நாலு ஸ்க்ரூவையும் உங்கள் நிபுணர் கழற்றியிருக்கிறார். உள்ளே தோல் வளையம். என் அலமாரியில் பூட்டி வைத்திருந்ததையும் கழற்றியிருக்கிறார். அதில் ரப்பர். பல் டாக்டரின் வாக்குமூலத்தையும் வாசித்துக் காட்டினீர்கள். அன்று நான் எடுத்தது சரியாம். என் பழைய பிஸ்டலைத்தான் நான் எடுத்தேனாம். என்னைச் சீண்டிப் பார்க்க, மைத்துனன் மாற்றிச் சொன்னானாம். நானே ஸ்க்ரூவைக் கழற்றிக் கண்டுபிடித்து அவன் காதைத் திருகுவேன் என்று காத்திருந்தானாம். கண்டுபிடிக்காவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும், அத்தான் மூணு செகண்டில் சரியாகத்தான் சொன்னார் என்று சொல்லி எனக்கு அந்தக் கேடயத்தைக் கொடுப்பதாக ஏற்பாடாம். என் மனைவிக்கும் இது தெரியுமாம். அதனால்தான் அவன் அதைக் கீழே போடவில்லை என்கிறீர்கள். என் பிஸ்டல் என்பதால்.

ஐயா, நான் இந்தத் தொழிலில் இருபத்தாறு வருஷம் இருந்தவன். ஒரு தோல் வளையத்தை வெட்டி மாட்ட எனக்குப் பத்து நிமிஷம் போதும். அவனுக்கு அரை மணி நேரம் ஆகும். அவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் நிபுணரையும் ஏமாற்றிவிட்டான், அவ்வளவுதான். மூன்று நாள் அது என் கண் முன்னால் கிடந்தது. என் பொருள் எனக்குத் தெரியாதா.

நீங்கள் அடித்து வைத்திருக்கும் வாக்குமூலத்தை முழுவதும் படித்தேன். திட்டமிட்டுக் கொன்றேன் என்று இருக்கிறது. சரி. அவன் என் மனைவியின் ஒரே தம்பி என்று தெரிந்தே செய்தேன், மேல்பாகத்தை இழுத்துக் காட்டுவான் என்று தெரிந்தே அனுப்பினேன், வருந்தவில்லை என்று இருக்கிறது. அதெல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். இரண்டாம் பக்கம் ஆறாவது வரியில் மட்டும், இறந்தவர் கையில் இருந்தது பழைய அசல் பிஸ்டல் என்று அடித்திருக்கிறீர்கள். அதை நகல் என்று திருத்திக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.